கொழுந்து, தகரம், குடியுரிமை

(ஆரணியில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாளை விடிந்தால் தறிக்கும் ரைஸ் மில்லுக்கும் போக வேண்டியவர்கள் இந்த நேரம்வரை உட்கார்ந்திருக்கிறீர்கள். செய்யாறு, போளூர், வந்தவாசியிலிருந்து மாணவர்கள் வந்திருக்கிறீர்கள்.  கடைசிப் பேருந்து பற்றி அமைப்பாளர்கள் இரண்டு முறை எச்சரித்துவிட்டார்கள். அதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

யாருடைய நினைவு நாளில் கூடியிருக்கிறோமோ அந்த அய்யாவிடம் நான் நேரடியாகப் படித்ததில்லை. அவருடைய இரவுப் பள்ளியில் படித்த அண்ணன்கள் கைமாற்றிக் கொடுத்த புத்தகங்களில்தான் படித்தேன். அவருக்கு ஒரு பழக்கம் உண்டாம். எந்தப் பொருளைக் காட்டினாலும் பிள்ளைகளிடம் இரண்டு கேள்வி கேட்பாராம்: "இத யார் செஞ்சது? அவங்க எங்க குடியிருக்காங்க?" பட்டுப் புடவையைக் காட்டினாலும் இதே கேள்விதான், பொன்னி அரிசியைக் காட்டினாலும் இதே கேள்விதான். இன்று அந்த இரண்டு கேள்விகளையும் ஒரு டம்ளர் டீயிடம் கேட்கலாம் என்று வந்திருக்கிறேன்.

டீக்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் வாழைப்பழம்.

சென்ற ஆண்டு மாணவர்களுக்கான ஒரு வாசிப்பு முகாமில் மார்க்வெஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலைப் பற்றிப் பேசினோம். வாழைத் தோட்டத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொல்கிற பகுதி வந்தபோது பிள்ளைகள் கொதித்துப் போனார்கள். இது வெறும் கற்பனை இல்லை. 1928 டிசம்பரில் கொலம்பியாவின் சியெனகா நகரத்தில், யுனைடெட் ஃப்ரூட் கம்பெனித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இராணுவம் சுட்டது என்று சொன்னேன். அந்தக் கம்பெனியின் கதையையும் சொன்னேன். மைனர் கீத் என்ற அமெரிக்கர் கோஸ்டா ரிக்காவில் ரயில் பாதை போடப் போனார். பாதை போட்டுத் தருவதற்குக் கூலியாக 1884இல் அந்த நாட்டு அரசு அவருக்கு 8 இலட்சம் ஏக்கர் நிலம் கொடுத்தது. பாதையோரம் வாழை நட்டார். 1899இல் யுனைடெட் ஃப்ரூட் பிறந்தது. பிறகு குவாத்தமாலாவில் ரயிலும் துறைமுகமும்கூட அந்தக் கம்பெனியின் பிடிக்குள் போயின. 1952இல் அங்கே ஆர்பென்ஸ் அரசு நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. சும்மா கிடந்த கம்பெனி நிலத்தை எடுத்துக்கொண்டு, வரிக்காகக் கம்பெனியே காட்டியிருந்த மதிப்பின்படி சுமார் 6 இலட்சத்து 27 ஆயிரம் டாலர் தருகிறோம் என்றது. ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் வேண்டும் என்று கம்பெனிக்காக அமெரிக்க அரசு கேட்டது. 1954 ஜூனில் சி.ஐ.ஏ. அந்த அரசையே கவிழ்த்தது. அப்போது அமெரிக்க வெளியுறவுச் செயலராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், அந்தக் கம்பெனிக்கு வேலை பார்த்த வழக்கறிஞர் நிறுவனத்திலிருந்து வந்தவர். சி.ஐ.ஏ.வின் தலைவர் அவருடைய சொந்தத் தம்பி.

எல்லாம் கேட்டுவிட்டு ஒரு மாணவி எழுந்தாள். "அக்கா, நம்ம பக்கம் இப்படி ஏதாவது நடந்திருக்கா?" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நடந்திருக்கிறது. என் பாட்டி வீட்டிலேயே நடந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு மகோந்தா தெரிகிறது, மாத்தளை தெரியவில்லை. அதற்கு அவர்கள் பொறுப்பில்லை, சொல்லாமல் விட்ட நாம்தான் பொறுப்பு.

என் பாட்டிக்குச் சித்தப்பா முறையில் ஒருவர் இந்த வட்டாரத்தில் ஒரு பண்ணையில் படியாளாக இருந்தார். கங்காணி ஒருவரோடு கண்டிச் சீமைக்குப் போனார். அவருடைய மகன், எங்களுக்குச் சின்னத் தாத்தா, தலவாக்கொல்லைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1973இல் மனைவி மக்களோடு மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்து சேர்ந்தார். அரசுத் தாள்களில் இப்படி வந்தவர்களுக்குத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். சின்னத் தாத்தா அதற்கு முன் இந்த மண்ணில் கால் வைத்ததே இல்லை.

வந்த வாரம் ஊர்த் தெரு டீக்கடைக்குப் போயிருக்கிறார். அங்கே தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கொழுந்து வாடுவதிலிருந்து தூளாகிப் பெட்டியில் அடைப்பதுவரை அவர் கை படாத கட்டம் இல்லை. கடைக்காரர் அவருக்குத் தனியாகக் கூரையில் செருகியிருந்த கிளாஸை எடுத்துக் கழுவச் சொல்லிக் கொடுத்தார். சின்னத் தாத்தா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இது டஸ்ட்டு, பழசு" என்று சொல்லிக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டாராம். சாகிறவரை கடையில் டீ குடிக்கவில்லை. வீட்டில் பிளேன்டீதான். உள்ளங்கையில் கொஞ்சம் சர்க்கரை, ஒரு நக்கு, ஒரு மடக்கு.

அந்தத் தனிக் கிளாஸிலிருந்துதான் நான் இந்த வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். முதுகலையில் சமூகவியல் படித்தபோது காலனியம் பற்றியும் தோட்டப் பொருளாதாரம் பற்றியும் எவ்வளவோ பாடங்கள். பெரும்பாலானவற்றில் கதை ஒன்றுதான்: வெள்ளைக்காரன் வந்தான், நிலத்தைப் பிடித்தான், ஆளைக் கொண்டுபோனான். அந்த ஆள் யார்? அவன் ஏன் கிளம்பத் தயாராக இருந்தான்? இதைக் கேட்டால் ‘ஏழை விவசாயக் கூலிகள்’ என்று ஒரு வரியில் கடந்து போய்விடுவார்கள்.

நிலத்திலிருந்து தொடங்குவோம். 1840இல் இலங்கையின் ஆங்கிலேய அரசு ஒரு சட்டம் போட்டது. காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம் முடியரசுக்குச் சொந்தம், உரிமை கோருகிறவர்தான் நிரூபிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். கண்டி மலைகளில் சிங்களக் கிராமத்தார் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் சேனைப் பயிருக்கும் நம்பியிருந்த காடுகள் இப்படிப் போயின. ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்கு விற்றார்கள். விற்ற அதிகாரிகளே வாங்கவும் செய்தார்கள். அந்த நிலத்தில் காப்பி நட்டார்கள். நட்டுவிட்டு ஆள் தேடினார்கள். நிலம் பறிபோன கிராமத்தார் அந்தத் தோட்டத்தில் போய்க் கூலியாக நிற்கப் பெரும்பாலும் மறுத்துவிட்டார்கள். அவர்களுக்கு வயல் மிச்சம் இருந்தது. வயல் மிச்சம் இல்லாத மனிதர்கள் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள்.

ஏன் இருந்தார்கள் என்பதுதான் நம் கேள்வி. 1843இல் இந்தியாவில் அடிமைமுறையைச் சட்டம் அங்கீகரிப்பது நின்றது. தாளில் நின்றது. செங்கல்பட்டு மாவட்டத்தில் அதற்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுக்குப் பிறகு, 1891இல், ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் பறையர் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாரின் தயவில் இருந்ததை, கடனுக்காகத் தலைமுறையாக உழைத்ததை, நிலம் கேட்டு மனுப் போட்டால் தடுக்கப்பட்டதை அதில் பதிவு செய்தார். 1892இல் நமக்கென்று நிலம் ஒதுக்க வந்த அரசாணை அந்த அறிக்கையின் தொடர்ச்சி. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்கிற 12 இலட்சம் ஏக்கர் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. அதை மீட்கப் போய் 1994இல் காரணையில் இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டது உங்களில் பலருக்கு நேரில் தெரிந்த கதை.

ஆக, காப்பித் துரைமாருக்கு ஆள் பிடிக்கும் வேலையில் பாதியைச் சாதி ஏற்கெனவே முடித்து வைத்திருந்தது. நிலம் இல்லாமல், மனை இல்லாமல், கடனோடு, அழைத்தால் வரக்கூடிய கூட்டம் ஒன்று ஒவ்வொரு ஊருக்கும் வெளியே தயாராக நின்றது. 1876–78 தாது வருஷப் பஞ்சம் மிச்சப் பாதியைச் செய்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், அருந்ததியர். மற்ற சாதிகளிலிருந்தும் போனார்கள், ஆனால் அடித்தளம் நாம்தான். நம் வடஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து இலங்கைக்கு மட்டுமல்ல, மலேயாவுக்கும் நேட்டாலுக்கும் கோலார் தங்கவயலுக்கும் ஆள் போனது. கோலாரில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் நம் மாவட்டத்தார் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் பொய் சொன்னவளாவேன். அந்தப் பயணம் வெறும் சிறைப்பிடிப்பு மட்டும் அல்ல, தப்பித்தலும்தான். என் பாட்டி, "கண்டிக்குப் போனவன் சட்ட போட்டுக்கிட்டு வந்தான்" என்பாள். அதில் பெருமை இருக்கும். படியாள் கப்பலேறிப் போய்விடுவான் என்ற பயம் பண்ணையாரை இரண்டு படி நெல் கூடக் கொடுக்க வைத்தது. நம் தலைவர்களும் இந்தப் பாதைகளில் நடந்தவர்கள்தான். அயோத்திதாசர் ரங்கூன் போனார். இரட்டைமலை சீனிவாசன் நீலகிரியில் கணக்கராக இருந்தார், பின்னர் தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டு இருந்துவிட்டுத்தான் சட்டமன்றத்துக்கும் வட்டமேசை மாநாட்டுக்கும் வந்தார். கோலார் மாரிகுப்பத்தில் சாக்கைய பௌத்த சங்கம் வேர்விட்டது. ஊரைவிட்டு வெளியே போனதால்தான் இவை நடந்தன. ஆகவே ‘ஏமாற்றி அழைத்துப் போனார்கள்’ என்று மட்டும் சொல்லிக் கண்ணீர் விடுகிற எழுத்து எனக்குப் பிடிப்பதில்லை. நம் முன்னோர் முட்டாள்கள் இல்லை. இங்கே இருப்பதைவிட அங்கே சாவது மேல் என்று கணக்குப் போட்டார்கள். பலர் அந்தக் கணக்கில் தோற்றார்கள். மன்னார்க் கரையிலிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை காட்டுப் பாதையில் நடந்தவர்களில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை.

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இங்கேதான் ஒரு செடி அரசியலுக்குள் நுழைகிறது.

காப்பி பருவப் பயிர். பழம் சிவந்தால் பறிப்பு, பறிப்பு முடிந்தால் வேலை குறைந்துவிடும். ஆகவே ஆட்கள் போவார்கள், சில மாதம் இருப்பார்கள், திரும்புவார்கள். 1869இல் மடுல்சீமைப் பக்கம் காப்பி இலையில் மஞ்சள் துரு தெரிந்தது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சை. ‘நாசகார எமிலி’ என்று துரைமார் அதற்குச் செல்லப் பெயர் வைத்தார்கள், வேறென்ன செய்வது! ஒரே செடியை மலை மலையாக நட்டிருந்தார்கள். பூஞ்சைக்கு வேலி இல்லை. பதினைந்து ஆண்டுக்குள் காப்பி படுத்துவிட்டது, 1884இல் ஓரியண்டல் வங்கியும் கவிழ்ந்தது. அமெரிக்கக் கண்டத்தில் வாழைக்கும் இதேதான் நடந்தது. கம்பெனி ‘குரோ மிஷெல்’ என்ற ஒரே இரகத்தை நாடு நாடாக நட்டது. பனாமா வாடல் நோய் மண்ணோடு பரவ, 1960 வாக்கில் அந்த இரகத்தையே கைவிட்டு கேவண்டிஷுக்கு மாறினார்கள். இன்று தேனிப் பக்கம் பச்சை வாழை என்று ஏற்றுமதிக்கு வளர்க்கிற ஜி9 அந்தக் கேவண்டிஷ் குடும்பம்தான்.

இலங்கையில் காப்பியின் இடத்தில் தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அது 3 இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. தேயிலை பருவப் பயிர் அல்ல. ஏழு, எட்டு நாளைக்கு ஒருமுறை கொழுந்து விடும். ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். பறிக்கத் தவறினால் முற்றிவிடும். ஆகவே ஆள் போய்வர முடியாது, அங்கேயே இருக்க வேண்டும். பறிப்புக்குப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் குடும்பம், குடும்பம் வந்தால் குழந்தை. பத்தடி அறைகளை வரிசையாகக் கட்டி லயம் என்றார்கள். கொழுந்து வளர்கிற வேகம்தான் ஒரு மக்கள் கூட்டத்தை அங்கே வேரூன்ற வைத்தது. பிறகு அரசியல்வாதிகள் கேட்டார்கள், இவர்கள் ஏன் இங்கே இருக்கிறார்கள் என்று.

அந்த வாழ்க்கையில் சாதி எப்படி இருந்தது? கடல் தாண்டியதும் கரைந்துவிடவில்லை. பெரிய கங்காணிகள் பெரும்பாலும் ஊர்ச் சாதிகளிலிருந்தே வந்தார்கள். நம்மிலும் சில கங்காணிகள் இருந்தார்கள், மறைக்க ஒன்றுமில்லை. தன் ஆட்களில் வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் கங்காணிக்கு நாளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு. லயத்தில் எந்த அறை யாருக்கு என்பதில் சாதி. கோயில் திருவிழாவில் சாதி. விடியற்காலையில் ஆட்களை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைக்கத் தப்பு அடித்தார்கள். ஊரில் சாவுக்கு அடிக்கச் சொன்ன அதே தப்பைத் துரை கடிகாரமாக வைத்துக்கொண்டார். அடிக்கிற கை மட்டும் மாறவே இல்லை.

கடன் இருந்தது. ‘துண்டு’ என்று ஒரு தாள். இந்தக் கங்காணியின் ஆட்கள் இவ்வளவு பாக்கி, இதைக் கட்டினால் ஆட்களை விடுகிறேன் என்று ஒரு துரை எழுதித் தருவார். அடுத்த தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டிக் கூட்டத்தோடு வாங்கிக்கொள்வார். கடன் கூடிக்கொண்டே போகும், கழுத்து மாறாது. 1921இல்தான் இதைச் சட்டப்படி ஒழித்தார்கள். ஆரணியில் உட்கார்ந்து இதைக் கேட்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பட்டுத் தறியில் முன்பணம் வாங்கிக் குழந்தையை உட்கார வைத்த வீடுகள் இந்த மாவட்டத்தில் எத்தனை! வேறு தறிக்குப் போக வேண்டுமென்றால் அந்த முதலாளி இந்த முதலாளியின் பாக்கியைக் கட்ட வேண்டும். தாளின் பெயர் மட்டும் வேறு.

தகரமும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த முறை அது. இந்தியாவில் ஏறும்போதே ஆளின் கழுத்தில் ஒரு தகர வில்லை. அதில் தோட்டத்தின் எண், ஆளின் எண். பெயர் இல்லை. வில்லையைப் பார்த்து ரயிலிலும் கப்பலிலும் ஏற்றுவார்கள், செலவு தோட்டத்தின் கணக்கில் சேரும். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபிறகு போட் மெயிலில் நேராகத் தனுஷ்கோடி, அங்கிருந்து தலைமன்னார். பாம்பன் பாலத்தைப் பார்த்து வியக்கிறோம், படம் எடுக்கிறோம். கொழும்பு–கண்டி ரயில் 1867இல் காப்பி மூட்டைக்காகப் போட்டது. கோஸ்டா ரிக்காவில் வாழைத்தாருக்கு ஒரு ரயில். பாதைகளெல்லாம் சரக்குக்காக வந்தன. மனிதர்களும் அதில் சரக்குபோலவே ஏறினார்கள்.

சின்னத் தாத்தாவின் அப்பா கழுத்தில் தொங்கிய வில்லை இப்போது என்னிடம் இருக்கிறது. துருப்பிடித்து எண்ணில் பாதிதான் தெரிகிறது.

இனி குடியுரிமை. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு இலங்கைக்கு வயது வந்தோர் வாக்குரிமை கொடுத்தது. தோட்டத் தமிழருக்கு மட்டும் பல நிபந்தனைகள். இருந்தும் 1947 தேர்தலில் மலையகத் தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது. வேறு சில தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தன. சுதந்திரம் வந்த 1948ஆம் ஆண்டிலேயே 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பா இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கொடு, இல்லையென்றால் தாத்தாவும் பூட்டனும் பிறந்ததற்குக் கொடு என்றது. தகரத்தில் எண் மட்டும் இருந்தவர்கள் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவார்கள்? 1949இல் வாக்குரிமையும் போனது. இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். யாழ்ப்பாணத் தலைமையில் ஒரு பகுதி அந்த அரசிலேயே அமைச்சர் பதவியில் இருந்தது. அதை எதிர்த்துப் பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். மொழி ஒன்றாக இருந்தால் போதும் என்று நம்பியவர்களுக்கு அந்த ஆண்டு ஒரு பாடம். மொழிக்குள்ளே ஊரும் சேரியும் இருந்தன.

இதே நேரத்தில் கோஸ்டா ரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? அங்கே ரயிலுக்கும் வாழைக்கும் கொண்டுவரப்பட்டவர்கள் ஜமைக்காவின் கறுப்பின மக்கள், அடிமைகளின் பேரப்பிள்ளைகள். அங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகள்கூடக் குடிமக்களாக நடத்தப்படவில்லை. வாடல் நோயால் கம்பெனி பசிபிக் கரைக்கு மாறியபோது, அங்கே கறுப்பர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1934இல் சட்டமே போட்டார்கள். 1948 உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1949இல் அந்தத் தடை நீங்கியது, குடியுரிமைக்கு வழி திறந்தது. அவர்கள் உள்ளே வந்த அதே ஆண்டுகளில் நாம் வெளியே தள்ளப்பட்டோம்.

பிறகு பேச்சுவார்த்தைகள். 1954இல் நேரு–கொத்தலாவல ஒப்பந்தம், பலனில்லை. 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பதினைந்து ஆண்டில் முடிக்க வேண்டும். ஏழுக்கு நான்கு என்று விகிதம் போட்டார்கள். களத்துமேட்டில் நெல் அளக்கும்போதுகூட உழுதவன் பக்கத்தில் நிற்பான். இந்த அளவையில் யாரையும் கேட்கவில்லை. 1962இல் சீனாவிடம் தோற்றிருந்த இந்தியாவுக்கு அண்டை நாடுகளின் நட்பு வேண்டியிருந்தது. அந்த நட்புக்கு விலையாகக் கொடுக்க வாயில்லாத ஆட்கள் இருந்தார்கள்.

மிச்சம் வைத்த 1,50,000 பேரை 1974 ஜனவரியில் ஆளுக்கு 75,000 என்று இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பிரித்துக்கொண்டார்கள். அதே ஆண்டு ஜூனில் கச்சத்தீவு ஒப்பந்தம். கச்சத்தீவுக்குத் தமிழ்நாட்டில் ஐம்பது ஆண்டாக மேடை இருக்கிறது, தீர்மானம் இருக்கிறது, வழக்கு இருக்கிறது. மீனவர்களின் துயரம் உண்மையானது, நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஆளில்லாத் தீவுக்குக் கிடைத்த சொற்களில் நூற்றில் ஒரு பங்கு, அதே ஆண்டு பிரிக்கப்பட்ட ஒன்றரை இலட்சம் மனிதர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? அவர்கள் யாராக இருந்தார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. தவறென்றால் கேள்வி நேரத்தில் சொல்லுங்கள்.

வந்தவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்? மண்டபத்தில் ஒரு குடும்ப அட்டை, ஒரு கடன், ஏதோ ஓர் ஊரின் பெயர். வேலை கொடுத்த இடங்களில் பெரும்பகுதி மறுபடியும் தோட்டங்கள். நீலகிரியில் காட்டை வெட்டி 1968 முதல் அரசு தேயிலைத் தோட்டங்கள் உருவானது இவர்களுக்காகத்தான். பிறகு அதற்கு டான்டீ என்று பெயர். கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பக்கம் ரப்பர். நிலம் கொடுத்து உழவராக்குவதில் அரசுகள் பெரிதாக அக்கறை காட்டவில்லை. பஞ்சமி நிலத்தையே திருப்பிக் கொடுக்காதவர்கள் இவர்களுக்கா கொடுப்பார்கள்? 2022இல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திரும்ப ஒப்படைக்க ஆணை வந்தது. அங்கே லயங்களில் இருக்கிற குடும்பங்கள் மூன்றாவது முறையாக, நாங்கள் எங்கே போவது என்று கேட்டன.

அந்தப் பக்கம் தங்கியவர்கள் கதையும் முடியவில்லை. நாடற்றவர் என்ற நிலை 2003 சட்டத்தில்தான் அங்கே தீர்ந்தது. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாள் கூலியை 1,000 ரூபாயாக்க நீண்ட போராட்டத்துக்குப் பிறகு அரசிதழ் வந்தது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. அதே ஆண்டு டிசம்பரில், ஈரானுக்குத் தர வேண்டிய 25 கோடி டாலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையாக அனுப்பிக் கழித்துக்கொள்ள இலங்கை ஒப்பந்தம் செய்தது. ஒரு நாட்டின் கடனை அடைக்கிற இலை அது. பறித்தவளின் கடனை அடைக்க மட்டும் அதற்கு மதிப்புப் போதவில்லை. 2023இல் மலையகத்துக்கு இருநூறு ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். முன்னோர் விழுந்து செத்த அதே பாதையில். மலையகத் தமிழர் என்ற பெயரை நிமிர்ந்து சொல்லிக்கொண்டு நடந்தார்கள். வாய்ப்பிருந்தால் அந்தப் படங்களைப் பாருங்கள். செருப்பில்லாமல் நடக்கிற கிழவிகள் இருக்கிறார்கள், எல்லோரும் எங்கள் பாட்டி சாயல்.

அந்த மாணவிக்கு நான் இப்போது சொல்லக்கூடிய பதில் இது. வாழைக் கம்பெனி அரசுகளைக் கவிழ்த்தது. தேயிலைக்கு அந்தச் சிரமம் தேவைப்படவில்லை. தனக்கு வேண்டிய மனிதர்களை நம் ஊர் அமைப்பே உருவாக்கி வைத்திருந்தது. தேவை முடிந்ததும் இரண்டு அரசுகள் உட்கார்ந்து பங்கு போட்டுக்கொண்டன. தனிக் கிளாஸ் வைத்திருந்த டீக்கடைக்காரர் யுனைடெட் ஃப்ரூட்டின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார். அந்த வணிகத்தின் முதல் கண்ணி அவர் கையில்தான் இருந்தது.

நேரமாகிவிட்டது, அமைப்பாளர் எழுந்து நிற்கிறார். ஒரே ஒரு வேலை சொல்லிவிட்டு இறங்குகிறேன். இந்த நான்கு வட்டங்களில் கண்டியிலிருந்து வந்த குடும்பங்கள் சேரிதோறும் ஒன்றிரண்டாவது இருக்கும். மண்டபம் முகாமின் குடும்ப அட்டை, பழைய கடவுச்சீட்டு, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, போட்டோ, எது இருந்தாலும் டிரங்குப் பெட்டிக்குள் கறையானுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மாணவர்கள் இரண்டு இரண்டு பேராகப் போங்கள். பிடுங்கி வராதீர்கள், கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, சொல்கிறவர்களின் பேச்சைப் பதிவு செய்யுங்கள். கொடுக்க விரும்புகிறவர்களிடம் மட்டும் வாங்குங்கள். அய்யாவின் இரவுப் பள்ளியில் ஓர் அலமாரி காலி செய்து தருவதாகத் தோழர்கள் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அங்கே இருப்பேன். தகர வில்லையை எடுத்து வருகிறேன். எண்ணில் தெரியாத பாதியை யாராவது நல்ல கண்ணுள்ள பிள்ளை படித்துச் சொல்லட்டும்.